கிளாரினெட்டை நம்பி வாழ முடியுமா?

ஒரு தாயார் இப்படிக் கேட்டிருக்கிறார்: ‘என் மகனுக்கு 16 வயது. பள்ளி பேண்டு குழுவில் நான்கு ஆண்டுகளாகக் கிளாரினெட் வாசிக்கிறான். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் மேற்கத்திய இசைத் தேர்வில் ஐந்தாம் கிரேடு முடித்துவிட்டான். அவன் அப்பா பொறியியல் சேரச் சொல்கிறார். பையன் கிளாரினெட் கலைஞனாகத்தான் ஆவேன் என்கிறான். நாங்கள் பெரம்பூரில் இருக்கிறோம். சென்னையில் இருந்துகொண்டு இந்தக் கருவியை நம்பி ஒருவன் வாழ முடியுமா?’

முடியும். நான் 35 ஆண்டுகளாக இதை நம்பித்தான் இருக்கிறேன். இரண்டு பிள்ளைகளை இந்த மூச்சுக்காற்றில்தான் படிக்க வைத்தேன். ஆனால் ‘முடியும்’ என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு எழுந்துபோனால் தம்பிக்கு நல்லது செய்தவன் ஆகமாட்டேன். அவன் எந்த வழியில் போக நினைக்கிறான் என்பதைப் பொறுத்து வாழ்க்கையே வேறாகிவிடும். ஆகவே நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா.

முதலில் மேற்கத்திய இசை. பையன் கிரேடு தேர்வு எழுதுகிறான் என்பதால் அவன் மனத்தில் இருப்பது இந்த வழியாகத்தான் இருக்கும். இதில் கிளாரினெட்டுக்குப் பெரிய சொத்து இருக்கிறது. மோட்சார்ட் 1789இல் கிளாரினெட் குவின்டெட்டை எழுதினார். 1791இல் கிளாரினெட் கான்செர்டோவை, அதாவது முழுக் குழுவோடு கிளாரினெட் தனித்து வாசிக்கும் படைப்பை, எழுதி முடித்தார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே இறந்துபோனார். இரண்டையும் ஆன்டன் ஸ்டாட்லர் என்ற ஒரே மனிதருக்காக எழுதினார். வெபர் 1811இல் எழுதியவை ஹைன்ரிஷ் பேர்மான் என்ற வாசிப்பாளருக்காக. பிராம்ஸ் வயதாகி, இனி எழுதப் போவதில்லை என்று ஓய்ந்திருந்தபோது ரிச்சர்ட் முல்ஃபெல்ட் வாசித்ததைக் கேட்டார். 1891இல் மறுபடி பேனாவைக் கையில் எடுத்தார். இந்தக் கருவிக்கு உலகத்தில் எங்கே இடம் கிடைத்திருந்தாலும், முதலில் ஒரு வாசிப்பாளர் வந்திருக்கிறார், இடம் அவருக்குப் பின்னால் வந்திருக்கிறது. இதைத் தம்பி நினைவில் வைத்துக்கொள்ளட்டும். நம் ஊர்க் கதையும் இதேதான், பிறகு சொல்கிறேன்.

மேற்கத்தியக் கிளாரினெட் கலைஞரின் தொழில் என்றால் பெரும்பாலும் ஆர்கெஸ்ட்ராவில் ஒரு நாற்காலி. 80, 90 பேர் உட்காரும் குழுவில் பாதிக்கு மேல் வயலின் குடும்பத்தார். கிளாரினெட்டுக்கு இரண்டு நாற்காலி, பெரிய குழுவானால் மூன்று அல்லது நான்கு. ஒருவர் ஓய்வு பெற்றால்தான் ஓர் இடம் காலியாகும். அதற்குத் தேர்வு வைக்கும்போது பல ஊர்களில் திரை கட்டி, வாசிப்பவர் யாரென்று தெரியாமலே கேட்கிறார்கள். மோட்சார்ட் கான்செர்டோவின் தொடக்கம், பெத்தோவனின் ஆறாவது சிம்பொனியில் சில வரிகள், மென்டல்சனின் ‘மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’ ஸ்கெர்ட்சோ என்று சில நிமிடங்கள்தான் வாசிக்கச் சொல்வார்கள். பத்தாண்டு உழைப்பு அந்தச் சில நிமிடத்தில் நிறுக்கப்படும். இந்தியாவில் தொழில்முறையில் நடக்கும் சிம்பொனி குழு என்றால் மும்பையில் 2006இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாதான். சென்னையில் 1893 முதல் நடக்கும் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் ஒரு பாடகர் குழு. ஏ.ஆர். ரகுமான் 2008இல் தொடங்கிய கே.எம். கன்சர்வேட்டரி படிப்பதற்கான இடம். மாதச் சம்பளத்தோடு ஒரு கிளாரினெட் நாற்காலி இந்த ஊரில் கிடையாது.

ஆகவே இந்த வழியில் போகிறவன் எட்டாம் கிரேடு முடித்து, டிப்ளமோவும் எடுத்து, உதவித்தொகை தேடி வெளிநாட்டில் இசைக் கல்லூரிக்குப் போயாக வேண்டும். அங்கே ஆறு, ஏழு வயதிலிருந்து நல்ல ஆசிரியரிடம் கற்ற பிள்ளைகளோடு போட்டி போட வேண்டும். 16 வயதில் ஐந்தாம் கிரேடு என்பது தாமதம்தான். இதை மறைத்துச் சொல்வது நியாயமில்லை. அதற்காகக் கதவு மூடிவிட்டது என்றும் சொல்லமாட்டேன். அவன் நாளொன்றுக்கு நான்கு மணிநேரம் உட்காரத் தயாரா, குடும்பம் ஐந்தாறு ஆண்டு தாங்குமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இனி இரண்டாவது வழி. என் மனம் இருப்பது இங்கேதான்.

கிளாரினெட் தமிழ்நாட்டுக்குப் புதிய விருந்தாளி அல்ல. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்திலேயே ஐரோப்பிய பேண்டு இருந்தது. பிறகு அதே 19ஆம் நூற்றாண்டில் கிளாரினெட் சதிர் என்ற பழைய நாட்டியக் கச்சேரிக்குள் வந்துவிட்டது. மகாதேவ நட்டுவனார்தான் அதைக் கொண்டுவந்தார் என்று மரபில் சொல்வார்கள். அதற்கு முன் சதிரில் முகவீணை என்ற சிறிய ஊதுகருவி இருந்தது. அந்த இடத்தைக் கிளாரினெட் எடுத்துக்கொண்டது. நாட்டியக்காரர் ஆட, பின்னால் நட்டுவனார் தாளம் போட, பாட்டுக்காரரும் கிளாரினெட்காரரும் நின்றபடியே அவரோடு முன்னும் பின்னும் நகர்ந்து வாசித்த காலம் அது. பாலசரஸ்வதி அம்மையாரின் குழுவில் கிளாரினெட் இருந்தது. பிறகு சதிர் பரதநாட்டியமாகிப் புதிய மேடை ஏறியபோது வாத்தியக்காரர்கள் பக்கவாட்டில் உட்கார்ந்தார்கள். ஒலிபெருக்கி வந்தது. மெல்லிய ஒலியுள்ள புல்லாங்குழலும் வீணையும் வயலினும் போதும் என்றானது. கிளாரினெட் சத்தமில்லாமல் வெளியேறியது. நான் நாட்டியத்துக்கு வாசிக்க வந்த காலத்தில், ‘உங்கள் வாத்தியம் பாட்டை அமுக்கிவிடும்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. மெதுவாக ஊதக் கற்றுக்கொண்டு மறுபடி போனேன். கிளாரினெட்டைப் போல மெல்லிய ஒலியில் தொடங்கி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு இறங்கக்கூடிய ஊதுகருவி வேறில்லை. அதைச் செய்துகாட்ட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

செய்துகாட்டிய மனிதர் ஏ.கே.சி. நடராஜன். திருச்சிக்காரர், 1931இல் பிறந்தவர். அப்பா சின்னிகிருஷ்ண நாயுடுவும் வாத்தியக்காரர். மகனைக் கிளாரினெட்டோடு மட்டும் விடவில்லை. ஆலத்தூர் வெங்கடேச ஐயரிடம் வாய்ப்பாட்டும், இலுப்பூர் நடேச பிள்ளையிடம் நாகசுரமும் கற்க வைத்தார். ஆக, அவர் கையில் இருந்தது கிளாரினெட், உள்ளே ஓடியது பாட்டும் நாகசுரமும். நாட்டியத்தின் பின்வரிசையில் இருந்த கருவியைத் தவில் பக்கவாத்தியத்தோடு தனிக் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ என்ற பட்டத்தை அவருக்குக் கொடுத்தவர் டி.என். ராஜரத்தினம் பிள்ளை. நாகசுரத்தில் அவருக்கு மேல் ஒருவரில்லை என்று உலகம் ஒத்துக்கொண்ட மனிதர் தன் வாயால் கொடுத்த பட்டம் என்பதால் அதன் எடையே தனி. 1994இல் சங்கீத நாடக அகாடமி விருது, 2008இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி, 2022இல் பத்மஸ்ரீ. சங்கீத கலாநிதி பெற்ற கிளாரினெட் கலைஞர் அவர் ஒருவரே.

விருதுப் பட்டியலை விடுங்கள். அவர் செய்தது எவ்வளவு கடினம் என்பது தெரிந்தால்தான் தம்பி தன் வழியைத் தீர்மானிக்க முடியும். ஆகவே கருவியைக் கொஞ்சம் பிரித்துக் காட்டுகிறேன்.

புல்லாங்குழலிலும் நாகசுரத்திலும் சட்ஜத்துக்கு எந்த விரல்களோ, அதே விரல்களை வைத்து அழுத்தி ஊதினால் மேல் சட்ஜம் பேசும். கிளாரினெட் அப்படிப் பேசாது. அதன் உட்குழல் ஏறக்குறைய ஒரே அகலத்தில் போகிறது. ஒரு முனையை ரீடு என்ற மெல்லிய நாணல் தகடு அடைத்திருக்கிறது. அப்படிப்பட்ட குழலில் சட்ஜத்துக்கு விரல் வைத்துக் கட்டைவிரல் சாவியைத் திறந்தால் ஒலி மேல் சட்ஜத்தைத் தாண்டிப் போய் மேல் பஞ்சமத்தில் நிற்கும். எனவே ஒவ்வொரு ஸ்தாயிக்கும் விரல் கணக்கு வேறு. இதைவிடப் பெரிய சங்கடம் இன்னொன்று. கீழ்ப்பகுதி முடியும் இடத்தில் விரல்கள் ஏறக்குறைய எல்லாமே திறந்திருக்கும். அதற்கு அடுத்த அரைச் சுரத்துக்கு அத்தனை துளைகளையும் ஒரே கணத்தில் மூடியாக வேண்டும். என் ஆசான் அந்த இடத்தை ‘வாய்க்கால்’ என்பார். நோட்டைப் பார்த்து வாசிக்கிறவருக்கு அது ஒரு தாண்டல், பழகிவிட்டால் போதும். நமக்கு அப்படியில்லை. நம் கமகம், அதாவது சுரத்தை அசைத்து இழைப்பது, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டிக் குதிப்பதில்லை, தடவிக்கொண்டே போகிறது. வாய்க்காலைத் தடவிக்கொண்டே கடப்பது எப்படி?

ஓர் உதாரணம் சொல்கிறேன். பாடுபவர் ஐந்து கட்டைச் சுருதி, அதாவது அவருடைய சட்ஜம் மேற்கத்திய ‘ஜி’ சுரம்; நம் கையில் வழக்கமான பி ஃபிளாட் கிளாரினெட். அப்போது வாய்க்கால் எங்கே விழும் தெரியுமா? மேல் ஸ்தாயியில் சுத்த ரிஷபத்துக்கும் சதுசுருதி ரிஷபத்துக்கும் நடுவில். அவர் தோடி பாடுகிறார் என்று வையுங்கள். தோடியின் காந்தாரம் ரிஷபத்தையும் மத்தியமத்தையும் தொட்டுத் தொட்டு அசையும். அதாவது ஒவ்வொரு அசைவிலும் வாய்க்காலைக் கடந்து திரும்ப வேண்டும். நான் முதன்முதலில் இதை வாசித்தபோது காந்தாரம் அசையவில்லை, விக்கியது. ஆசான் நிறுத்தச் சொன்னார். ‘வாத்தியத்தை வை. பாடு’ என்றார். பாடினேன். ‘உன் தொண்டையில் அந்த இடத்தில் வாய்க்கால் இருக்கிறதா?’ என்று கேட்டார். இல்லை என்றேன். ‘அப்படியானால் உதட்டிலும் இருக்கக் கூடாது’ என்றார். மூன்று மாதம் அந்த ஒரு காந்தாரம்தான் பாடம். விரலை முழுக்கத் திறக்காமல் துளையின் ஓரத்தில் உருட்டுவது, உதட்டையும் தொண்டையையும் தளர்த்திச் சுரத்தைக் கீழே இழுப்பது, ரிஷபத்தில் போய் உட்காராமல் அதன் சாயலை மட்டும் காட்டிவிட்டுத் திரும்புவது, இவையெல்லாம் அங்கே கற்றவை. அது ஓரளவு கைவந்த பிறகுதான் அவர் பெட்டியைத் திறந்து இரண்டாவது கருவியைக் காட்டினார். அது ஏ கிளாரினெட், பி ஃபிளாட்டைவிட அரைச் சுரம் கீழே பேசுவது. அதே ஐந்து கட்டைக்கு அதை எடுத்தால் வாய்க்கால் ஓர் அரைச் சுரம் இறங்கி, சட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் நடுவில் போய்விடும். தோடியின் காந்தாரம் முழுக்க அக்கரையிலேயே நடக்கும். முதல் நாளே அதைக் கையில் கொடுத்திருந்தால் நான் உதட்டைப் பழக்கியிருக்கமாட்டேன்.

மேற்கத்திய இசையிலும் இந்தத் தடவல் தெரியாததல்ல. 1924இல் கெர்ஷ்வினின் ‘ராப்சடி இன் புளூ’ அரங்கேறியபோது தொடக்கத்தில் கிளாரினெட் கீழிருந்து மேலே இழுத்துக்கொண்டு போகும் ஒலியை ராஸ் கோர்மன் என்ற வாசிப்பாளர்தான் ஒத்திகையில் சேர்த்தார். உதடும் தொண்டையும் விரலும் செய்யும் அதே வேலை. அவர்களுக்கு அது எப்போதோ வரும் அலங்காரம், நமக்கு அது பேச்சு.

இன்னொரு முன்னுதாரணமும் இருக்கிறது. மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கிய கத்ரி கோபால்நாத், சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கற்றார். கருவியிலும் மாற்றங்கள் செய்துகொண்டார். கர்நாடக இசையில் சாக்ஸபோனுக்கு ஒரு நாற்காலியைத் தானே போட்டு உட்கார்ந்தார். இன்று அவர் வழியில் வாசிக்கிறவர்கள் பலர். கிளாரினெட்டில் அந்த அளவுக்கு ஆள் சேரவில்லை. டிசம்பர் சீசனில் சபாக்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். குரல், வயலின், வீணை, குழல் என்று நூற்றுக்கணக்கான பெயர்கள். கிளாரினெட்டுக்கு விரல்விட்டு எண்ணலாம். இதைக் கேட்டுப் பயப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு இதில் நம்பிக்கைதான் தெரிகிறது. குரலிசையில் ஓர் இளைஞன் மதியக் கச்சேரி வாங்க எத்தனை பேரைத் தாண்ட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நன்றாக வாசிக்கும் ஓர் இளம் கிளாரினெட் கலைஞனை எந்தச் சபா செயலாளரும் ஒருமுறையாவது கேட்டுப்பார்ப்பார்.

ஆனால் நன்றாக வாசிக்கும் இடத்துக்கு வர எட்டு, பத்து ஆண்டு ஆகும். அதுவரை அரிசி வாங்கக் காசு வேண்டுமே, அதைப் பார்ப்போம்.

நிலையான சம்பளம் என்றால் ராணுவம், விமானப்படை, கடற்படை, காவல்துறை பேண்டுகள். மக்கள் இதை நினைத்தே பார்ப்பதில்லை. ராணுவ பேண்டில் வயலினின் இடத்தைப் பிடிப்பது கிளாரினெட்தான், ஆகவே அங்கே அதற்கு ஆள் தேவை அதிகம். மத்தியப் பிரதேசத்தில் பச்மடியில் ராணுவ இசைப் பள்ளியே இருக்கிறது. விமானப்படையும் கடற்படையும் அக்னிவீர் திட்டத்தில் இசைக்கலைஞர்களைத் தனியாகத் தேர்ந்தெடுக்கின்றன. உடல் தகுதி, வயது வரம்பு எல்லாம் உண்டு. அறிவிப்பைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அந்த வேலையில் நான்காண்டு முடிந்த பிறகு எல்லோரையும் வைத்துக்கொள்வதில்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

வானொலியில் ஆடிஷன் கொடுத்துக் கிரேடு வாங்குவது கர்நாடக வழியில் போகிறவனுக்கு அவசியம். பி, பி-ஹை, ஏ, டாப் என்று போகும். அதில் வரும் பணம் பெரிதல்ல. ஆனால் ‘வானொலி ஏ கிரேடு’ என்று அழைப்பிதழில் போட்டால் சன்மானம் பேசும்போது குரல் தானாக உயரும்.

சினிமா ஒலிப்பதிவைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். வடபழனி, சாலிகிராமம் பக்கம் ஐம்பது, அறுபது வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்த நாட்களின் கடைசிப் பகுதியை நான் பார்த்தவன். ஒரு நாளைக்கு இரண்டு கால்ஷீட் கிடைத்த மாதங்கள் உண்டு. நோட்டேஷனை வைத்த மாத்திரத்தில் வாசிக்க வேண்டும், இரண்டாம் முறை தப்பு வந்தால் அடுத்த தடவை அழைப்பு வராது. எனக்குக் கண் வேகம் வந்தது அங்கேதான். கணினியில் பதிந்த ஒலிகள் வந்த பிறகு பெரிய குழுக்கள் குறைந்தன. இப்போதும் அழைக்கிறார்கள், ஆனால் தனி ஆளாக, ஒரு பாட்டுக்கு எட்டு வரி வாசிக்க. அங்கே கிளாரினெட் மட்டும் தெரிந்தவரைவிட சாக்ஸபோனும் குழலும் சேர்த்து வாசிப்பவருக்கே வேலை. ஒரு நிறுவனத்திடமிருந்து எனக்கு வர வேண்டிய பணம் வந்து சேர எட்டு மாதம் ஆனது. அதிலிருந்து தேதி, நேரம், தொகை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, அன்றே கையெழுத்து வாங்கிவிடுவேன். தம்பிக்கும் இந்தப் பழக்கத்தை இப்போதே சொல்லிக்கொடுங்கள்.

கல்யாண பேண்டைத் தாழ்வாகப் பேசுகிறவர்களை நான் ஏற்பதில்லை. வடசென்னைத் தெருக்களில் மூன்று மணிநேரம் நடந்துகொண்டே வாசிக்கும் கிளாரினெட்காரரின் மூச்சு, குளிர்சாதன அரங்கில் உட்கார்ந்து வாசிப்பவருக்கு வராது. நானே அங்கிருந்துதான் வந்தேன். ஆனால் அங்கே ஒரு அபாயம் இருக்கிறது. திறந்த வெளியில் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக உதட்டைக் கடித்து ஊதும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அதை விடுவிக்க எனக்கு இரண்டாண்டு பிடித்தது.

மீதி வருமானம் பாடம் சொல்லிக்கொடுப்பதில் வருகிறது. இது எல்லாக் கலைஞர்களுக்கும் பொது, நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

கருவி விஷயத்தில் பணத்தை வீணாக்காமல் இருக்க இரண்டு வார்த்தை. மரக் கிளாரினெட் ஆப்பிரிக்கக் கருங்கட்டையில் செய்வது. நம் ஊரில் தெருவில் புழுக்கம், அரங்குக்குள் ஏ.சி. உள்ளே மூச்சின் சூடு, வெளியே குளிர் என்றால் மேல் பகுதி மரம் வெடித்துவிடும். புதுக் கருவியை முதல் சில வாரம் நாளுக்குக் கால் மணிநேரத்துக்கு மேல் ஊதக் கூடாது. தொடக்கத்தில் நல்ல பிளாஸ்டிக் கருவி போதும், யாரும் குறைவாக நினைக்கமாட்டார்கள். சாவி அமைப்பு எளிமையாக இருக்கும் பழைய ஆல்பர்ட் முறைக் கருவி எங்காவது நல்ல நிலையில் கிடைத்தால் எனக்குச் சொல்லுங்கள், கர்நாடக வழிக்கு அதில் விரல் உருட்டுவது எளிது. காசை மிச்சம் பிடிக்காமல் செலவு செய்ய வேண்டியது மவுத்பீஸிலும் ரீடிலும்தான். பத்து ரீடு உள்ள ஒரு பெட்டி வாங்கினால் மூன்று மேடைக்கு, நான்கு சாதகத்துக்கு, அதாவது தினப் பயிற்சிக்கு, மற்றவை குப்பைக்கு. நாகசுரக்காரர் தன் ஊதுநாணலான சீவாளியைக் கழுத்தில் தொங்கவிட்டு உயிராகக் காப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மரியாதை ரீடுக்கும் வேண்டும். நான் காலையில் பல் துலக்கிய கையோடு நான்கு ரீடை வெந்நீரில் நனைத்து, கண்ணாடித் துண்டின்மேல் தட்டையாக வைத்து, ஒவ்வொன்றாக விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன். நடுவில் கருமையாக இருந்து இரு பக்கமும் ஒரே மாதிரி வெளிச்சம் விடுவது நல்ல ரீடு. ஒரு பக்கம் மட்டும் கருமை தெரிந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் மெல்லச் சுரண்டுவேன். இந்த அரைமணிநேரம் போகாத நாள் எனக்குக் கச்சேரி நாளாக இருந்ததில்லை.

ஏ.சி. பற்றிச் சொன்னேன் அல்லவா. ஒரு நாட்டிய நிகழ்ச்சியில் பதம் என்ற மெதுவான அபிநயப் பாட்டு ஒன்று முழுக்கப் பாட்டும் வீணையும் மட்டும் போனது. நான் கருவியை மடியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் சும்மா இருந்தேன். அடுத்த தில்லானாவுக்கு முதல் சட்ஜம் பிடித்தபோது சுருதிப் பெட்டிக்குக் கீழே நன்றாக இறங்கிப் பேசியது. பாடிய அம்மா திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவிருக்கிறது. குழல் குளிர்ந்தால் சுருதி இறங்கும், ஆனால் சுருதிப் பெட்டி நமக்காக இறங்கி வராது. அன்றிலிருந்து நான் வாசிக்காத நேரத்திலும் ஓசை வராமல் சூடான மூச்சைக் கருவிக்குள் விட்டுக்கொண்டே இருப்பேன். சுருதியை ஏற்ற, சற்றுக் குட்டையான பேரல் (மவுத்பீஸுக்கு அடுத்து வரும் சிறு குழாய்) ஒன்றையும் சட்டைப் பையில் கதகதப்பாக வைத்திருப்பேன்.

படிப்பு விஷயம். உங்கள் வீட்டுக்காரர் கவலைப்படுவதில் தப்பில்லை. ஆனால் நான்காண்டு பொறியியல் வேண்டாம் என்பதே என் கருத்து. காலை ஏழு மணிக்குக் கல்லூரி பஸ், மாலை ஆறுக்கு வீடு என்றால் சாதகம் செத்துவிடும். உதட்டுத் தசை ஒரு வாரம் சும்மா விட்டால் ஒரு மாத உழைப்பைத் திருப்பிக் கேட்கும். நகருக்குள்ளேயே கலைக் கல்லூரிகளில் பிற்பகலில் நடக்கும் இரண்டாம் ஷிப்டு வகுப்புகள் இருக்கின்றன. பி.காம். ஆகட்டும், வேறு பட்டம் ஆகட்டும், ஏதாவது ஒன்றில் சேரட்டும். காலை ஐந்திலிருந்து பத்து வரை அவனுடையது. பட்டமும் கையில் இருக்கும், அப்பாவின் மனமும் அடங்கும். மூன்றாண்டு முடிவில் அவன் எங்கே நிற்கிறான் என்று உட்கார்ந்து பேசுங்கள்.

இன்றே தொடங்க வேண்டியது ஒன்று உண்டு: வாய்ப்பாட்டு. மேற்கத்திய வழியில் போனாலும் இது உதவும். கர்நாடக வழியில் இது இல்லாமல் ஒரு அடியும் நகராது. பெரம்பூரிலேயே நல்ல பாட்டு ஆசிரியர்கள் இருப்பார்கள். மாயாமாளவகௌளை சரளி வரிசையிலிருந்து, கூச்சப்படாமல், சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தொடங்கட்டும். காலையில் பாடியதை மாலையில் கருவியில் வாசிக்கட்டும். பாடத் தெரியாத எதையும் ஓராண்டு வரை வாசிக்க வேண்டாம். ஆறு மாதம் கழித்து, தான் வாசிப்பதைவிடத் தான் பாடுவது அழகாக இருக்கிறது என்று அவனுக்கே தோன்றினால், அந்த வித்தியாசம் அவனை உறங்கவிடாமல் செய்தால், அப்போது அவனை என்னிடம் அழைத்து வாருங்கள்.

அதுவரை இன்னொரு வேலையும் கொடுங்கள். மார்கழியில் சபாக்களில் காலையிலும் மதியத்திலும் நடக்கும் கச்சேரிகளுக்குப் பல இடங்களில் டிக்கெட் கிடையாது. நாகசுரம் இருக்கும் நாளாகப் பார்த்துப் போகட்டும். முதல் வரிசையில் இடம் பிடித்து, விரலைப் பார்க்காமல் வாசிப்பவரின் உதட்டையும் கன்னத்தையும் மட்டும் முழுக் கச்சேரியும் பார்த்துவிட்டு வரட்டும்.